வெந்நீர்: ஸ்டாரைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மார்கழி எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வெந்நீர்க் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கோவைப் புறநகர் வீடுகளிலிருந்து. கீசரும் சோலாரும் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் கணக்கும் சொல்கிறேன், வேலையில் கண்டதும் சொல்கிறேன்.

வடவள்ளியில் சொந்த வீடு, ஐந்து பேர். இரண்டு குளியலறையிலும் பழைய 25 லிட்டர் கீசர். கரண்ட் பில் குறைகிற மாதிரி மாற்ற நினைக்கிறோம். கடைக்காரர் 5 ஸ்டார் கீசர் போதும் என்கிறார். வீட்டுக்காரர் ஹீட் பம்ப் என்கிறார். மகன் சோலார்தான் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, வடவள்ளி

யார் பேச்சையும் கேட்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள் அம்மா. உங்கள் வீட்டில் வாளியா, ஷவரா? எல்லாக் கணக்கும் இதில்தான் தொடங்குகிறது.

குளிர்காலக் காலையில் தொட்டித் தண்ணீர் 23 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.4 யூனிட் ஆகும். ஐந்து பேருக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர் போய்விடும். அதாவது நாலு வாளி. ஐந்து பேரும் அப்படிக் குளித்தால் அதே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வெந்நீர் மட்டுமே 480 என்றால் மொத்த பில் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்காது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்க்கட்டத்து யூனிட்களில் ஒரு பகுதிக்கும் ரேட் ஏறும்.

இப்போது கடைக்காரருக்கு வருகிறேன். அவர் சொல்லாத விஷயம் இது: கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார், தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு கரண்ட் என்பதற்கான மதிப்பெண் இல்லை. சூடான தண்ணீர் டாங்கிக்குள் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வீணாகிறது என்பதற்கான மதிப்பெண். எந்த கீசராக இருந்தாலும் தண்ணீரைச் சூடாக்க ஆகும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். குளிப்பதற்கு அரை மணி முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. காலையில் போட்ட ஸ்விட்சை ராத்திரி வரை மறந்துவிடுகிற வீடு என்றால் 5 ஸ்டாருக்குக் கொடுக்கும் பணம் நியாயம்.

வீட்டுக்காரர் சொல்லும் ஹீட் பம்ப் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் அளவு சூடு கிடைக்கும். பனி கொட்டும் நாடுகளிலேயே ஓடுகிறது, நம் ஊர்க் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் விலை லட்சத்தை ஒட்டி வருகிறது. வாளிக் குளியல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் மிச்சம் பிடிக்க லட்ச ரூபாய் போடுவது எனக்கு ஒப்பவில்லை. எல்லோரும் ஷவர் என்றால் மிச்சம் 300-ஐத் தாண்டும், அப்போது யோசிக்கலாம். வாங்கினால் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மூடிய ஸ்டோர் ரூமில் வைத்தால் அது விடும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். சத்தமும் உண்டு, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்.

ஐந்து பேருக்கு 200 லிட்டர் சோலார் தாராளம். வடவள்ளி மலையடிவாரம். ஜூன், ஜூலையில் மேகம் மூடும், ஐப்பசியில் மழை. அந்த நாட்களுக்கு பேக்கப் வேண்டும். அதற்காகப் பழைய கீசர்களில் நல்லதாக ஒன்றை எடுத்து வையுங்கள், இரண்டையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை உங்கள் மூன்று ஆலோசகர்களுமே கேட்கவில்லை. மாடித் தொட்டியில் ஏறுவது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? குடிக்க சிறுவாணித் தண்ணீர், குளிக்க போர்வெல் தண்ணீர் என்று இரண்டு லைன் வைத்திருக்கும் வீடுகள்தான் உங்கள் பக்கம் அதிகம். அப்படியென்றால் சோலாருக்கும் கீசருக்கும் போவது போர் தண்ணீர். அதைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியே வந்து படியும். சூடு ஏற ஏற, 60 டிகிரிக்கு மேல் வேகமாகவே படியும்.

போர் தண்ணீரில் ஓடிய கீசர் ஒன்றின் அடிமூடியைக் கழற்றினால் முதலில் தண்ணீர் வராது. சாம்பல் வெள்ளையில் சில்லுச் சில்லாகக் கொட்டும், நாலைந்து சொம்பு கூடத் தேறும். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட்டைப் பிடித்து இழுத்தால் விரல் பருமனுக்கு மேல் தோல் கட்டியிருக்கும், துளைக்குள்ளிருந்து வெளியே வரவே வராது, தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஆனோடு ராடு என்று ஒன்று இருக்கும். புதிதில் கட்டைவிரல் பருமனுள்ள மெக்னீசியம் கம்பி. டாங்கி துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். கழற்றும்போது பல வீடுகளில் நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்கப்புறம் அரிபடுவது டாங்கிதான். சில நூறு ரூபாய் ராடு அது. போர் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு ஒரு தரம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ராடைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் டாங்கி போய்விட்டது, புது கீசர் வாங்குங்கள் என்று சொல்லும் சர்வீஸ் ஆட்கள் இருக்கிறார்கள். என் தொழில்காரர்களே என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சோலாரிலும் இதே கதைதான். தட்டைப் பலகை மாடலில் தண்ணீர் மெல்லிய செம்புக் குழாய்களுக்குள் ஓடும். உப்புத் தண்ணீரில் அவை அடைத்துக்கொண்டால் திறப்பது பெரும்பாடு. கண்ணாடி ட்யூப் மாடலிலும் படியும், ஆனால் ட்யூப்பை உருவிக் கழுவி மறுபடி சொருகலாம். அதனால் போர் தண்ணீர் என்றால் ட்யூப். சிறுவாணி மாடி வரை ஏறுகிறது என்றால் தட்டைப் பலகை, உழைப்பு அதிகம். உங்கள் வீடு வாளி வீடு என்றால் என் ஓட்டு மகனுக்கு. ஆனால் போட்ட பணத்தை நாலு வருடத்தில் எடுத்துவிடலாம் என்று அவனைக் கணக்குப் போட விடாதீர்கள், வாளி வீட்டில் அதைவிட நிறையவே வருடம் ஆகும்.

சோலார் போட்டும் பில் குறையவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டார். எங்கே தப்பு?
– வாசகர், துடியலூர்

இரண்டும் தனித்தனி வியாதி. பச்சைத் தண்ணீர், குழாயின் நீளத்தால். மாடி டாங்கியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு 15 மீட்டர் முக்கால் இஞ்சுக் குழாய் இருந்தால் அதற்குள்ளேயே ஏறக்குறைய 4 லிட்டர் நிற்கும். ராத்திரி முழுக்க ஆறிய அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் சூடு வரும். திறந்துவிட்டு சாக்கடைக்கு அனுப்பாமல் வாளியிலேயே பிடியுங்கள். எப்படியும் விளாவத்தானே வேண்டும்! வெயிலில் ஓடும் குழாய்தானே என்று மேலே உறை போடாமல் விட்டிருப்பார்கள். கறுப்பு நுரை உறை மாட்டி, அது வெயிலில் பொடிந்து போகாதபடி மேலே டேப் சுற்றச் சொல்லுங்கள்.

பில்லுக்குக் காரணம் அநேகமாக பேக்கப் ஹீட்டர் ஸ்விட்ச். சோலார் டாங்கிக்குள் ஒரு 2 கிலோவாட் எலிமெண்ட் இருக்கும். மழை நாளில் யாரோ போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அது உங்களுக்கு வேண்டிய ரெண்டு வாளியை மட்டும் சூடாக்காது, 200 லிட்டரையும் சூடாக்கும். 25 டிகிரியிலிருந்து 55-க்குப் போக 7 யூனிட். விடியற்காலையிலேயே கரண்ட் சூடாக்கிவிட்டால் அப்புறம் சூரியனுக்கு என்ன வேலை மிச்சம்? ஸ்விட்சை அணைத்து, மேலே ஒரு டேப்பை ஒட்டிவிட்டு அடுத்த பில்லைப் பாருங்கள்.

மொட்டைமாடியில் இடம் குறைவு. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கரண்ட் பேனல் போடுவதா, வெந்நீர் சோலார் போடுவதா? எதற்கு மானியம்?
– வாசகர், சரவணம்பட்டி

2024 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மானியம் கரண்ட் பேனலுக்கு மட்டும்தான். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் ₹78,000 கிடைக்கும். வெந்நீர் சோலாருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. இன்னும் உண்டு என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இடத்தை மட்டும் பார்த்தால் வெந்நீர் சோலார் ஜெயிக்கும். 3 கிலோவாட் பேனலுக்கு 300 சதுர அடி போல வேண்டும். 200 லிட்டர் சோலார் ஒரு மூலையில் அடங்கிவிடும், நல்ல வெயிலில் 7 யூனிட் அளவு சூடு தரும். ஆனால் அந்தச் சூட்டில் குளிக்க மட்டும்தான் முடியும், ஃபேன் ஓடாது. சித்திரையில் யாரும் வெந்நீரைத் தொடமாட்டீர்கள், பேனலோ அப்போதுதான் ஏசிக்குச் சோறு போடும். உங்கள் வீட்டில் ஏசி இருந்தால் பேனல் போட்டு, சாதா கீசரையே வைத்துக்கொள்ளுங்கள். பேனல் அனுப்பும் கரண்டை நீங்கள் வாங்கும் கரண்டில் கழிக்கும் நெட் மீட்டர் இருப்பதால் கீசரை விடியற்காலையில் போட்டாலும் கணக்கில் கழிந்துவிடும்.

மதியம் மாடியில் டமார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் சோலார் ட்யூப் இரண்டு உடைந்து கிடக்கிறது. பையன்கள் கல் எறிந்திருப்பார்களோ?
– வாசகி, பீளமேடு

பையன்களை விட்டுவிடுங்கள். அன்று காலையில் தொட்டி காலியாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாத ட்யூப் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும். அந்த நேரம் மோட்டார் போட்டால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கும், கண்ணாடி தாங்காது. தொட்டி வற்றிய நாளில் பொழுது சாய்ந்த பிறகு ஏற்றுங்கள். அவசரம் என்றால் ட்யூப்களைத் தார்ப்பாயால் மூடி, ஆறவிட்டு ஏற்றுங்கள். இன்னொன்று, ஷவர் வேகத்துக்காக பிரஷர் பம்ப் மாட்டும் எண்ணம் இருந்தால் உங்கள் சோலார் டாங்கி அந்த அழுத்தத்தைத் தாங்குகிற மாடலா என்று முதலில் கேளுங்கள். சாதா ட்யூப் மாடல் தாங்காது, ரப்பர் வளையத்தில் ஒழுகத் தொடங்கும்.

வாடகை வீடு. கரண்டை மிச்சம் பிடிக்க கேஸ் கீசர் வாங்கலாமா? குளியலறைக்குள்ளேயே மாட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், சூலூர்

உள்ளே மாட்டாதீர்கள் தம்பி. கேஸ் எரியும் இடத்தில் காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு குளித்தவர்கள் அங்கேயே மயங்கி இறந்த செய்திகள் குளிர்காலம்தோறும் வருகின்றன. ஒரு ஜன்னல் இருக்கிறதே என்பது போதாது. மாட்டினால் வெளிச்சுவரில், சிலிண்டரும் வெளியே, வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க விடமாட்டார் என்றால் 10 லிட்டர் கரண்ட் கீசர் வாங்குங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வாளிக்குள் போடும் ராடு வேண்டவே வேண்டாம். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் அது எமன்.

மாமியார் செம்பு பாய்லரைத்தான் பற்ற வைப்பேன் என்கிறார். கீசர் இருந்தும் தொடமாட்டேன் என்கிறார். எப்படி மாற்றுவது?
– வாசகி, கிணத்துக்கடவு

எதற்கு மாற்ற வேண்டும்? உங்கள் ஊரில் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. தேங்காய்த் தொட்டியும் மட்டையும் சும்மா கிடைக்கிறது என்றால் உங்கள் மாமியாரைவிடக் குறைந்த செலவில் வெந்நீர் போட யாராலும் முடியாது. பாய்லர் வாசலிலோ கொல்லையிலோ திறந்த வெளியில் இருக்கட்டும், புகை சமையலறைக்குள் வரக் கூடாது. பற்ற வைக்க பிளாஸ்டிக் கவர் போடுகிறாரா என்று மட்டும் பாருங்கள், போட்டால் அதை நிறுத்துங்கள். குனிந்து ஊத முடியாத வயது வரும்போது அவரே கீசர் ஸ்விட்ச் எது என்று கேட்பார்.