விற்காத முதல் பாகம்

வணக்கம்.

ஆங்கிலத்தில் மூன்று பாகங்களாகத் திட்டமிட்ட என் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலின் முதல் பாகத்தை நானே அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில் வெளியிட்டேன். 620 பக்கம். விலை 2.99 டாலர். முதல் வாரத்தில் நண்பர்கள், உறவினர்கள் என 40 பேர் வாங்கினார்கள். பிறகு நின்றுவிட்டது. விளம்பரத்துக்கு 90 டாலர் செலவழித்தேன். 300 பேர் க்ளிக் செய்து பார்த்தார்கள், 9 பிரதிகள் விற்றன. விலையை 99 சென்ட்டாகக் குறைக்கலாமா, இலவசமாகவே கொடுத்துவிடலாமா, விளம்பரச் செலவைக் கூட்டலாமா என்று குழப்பம். நூலின் தொடக்கத்தில் 4 பக்கம் வரைபடங்கள், 9 பக்கம் கதைமாந்தர் பட்டியல், 14 பக்கம் சொல்விளக்கம், 30 பக்கத்தில் அந்த உலகத்தின் பழைய வரலாறு எல்லாம் சேர்த்து உழைத்திருக்கிறேன். இரண்டாம் பாகம் பாதி எழுதியாகிவிட்டது. என்ன செய்வது?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது 40 என்ற எண்ணை அல்ல, 300க்கு 9 என்பதை. நண்பர்கள் நட்புக்காக வாங்குகிறார்கள். அதிலிருந்து நூலைப் பற்றி எதுவும் தெரியவராது. சொல்லப்போனால் அது சற்றுக் கெடுதலும்கூட. கடையின் பரிந்துரை, ஒரு நூலை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. சமையல் நூலும் பங்குச்சந்தை நூலும் வாங்குகிற உறவினர்கள் முதல் வாரத்தில் குவிந்தால், உங்கள் நாவலை யாரிடம் காட்டுவது என்று அதற்குப் பிடிபடாது.

300 பேர் அட்டையைப் பார்த்து உள்ளே வந்திருக்கிறார்கள். 291 பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். பத்து க்ளிக்குக்கு ஒரு பிரதி விற்றால் அது நல்ல விற்பனைப் பக்கம். இருபதுக்கு ஒன்று என்றால் சுமார். உங்களுக்கு முப்பத்து மூன்றுக்கு ஒன்று. விளம்பரம் பலருக்குக் காட்டப்பட்டும் யாரும் க்ளிக் செய்யவில்லை என்றால் அட்டையையும் தலைப்பையும் சந்தேகிக்க வேண்டும். க்ளிக் செய்தும் வாங்கவில்லை என்றால் அறிமுகக் குறிப்பு, இலவச மாதிரி, விலை, மதிப்புரைகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது. உங்களுடையது இரண்டாவது வகை. இந்த நிலையில் விளம்பரத்தைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

தடுப்பது எது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கிண்டில் தரும் இலவச மாதிரி, நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து சதவீதம். உங்கள் 620 பக்கத்தில் அது 62 பக்கம். வரைபடம், கதைமாந்தர், சொல்விளக்கம், வரலாறு எல்லாம் கூட்டினால் 57. ஆக, வாங்கலாமா என்று யோசிக்கிறவர் உங்கள் கதையில் படிக்க முடிவது ஐந்தே பக்கம். அந்த ஐந்து பக்கத்தை அடைவதற்கும் அவர் அறிமுகமே இல்லாத அரச வம்சங்களின் பட்டியலைத் தாண்டி வர வேண்டும். இதை இன்றே மாற்றுங்கள். ஒரே ஒரு வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் நூலின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். முப்பது பக்க வரலாற்றை நூலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வாசகருக்குக் கதைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தால் போதும்.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்று. கிண்டில் கருவிகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைத் திரை கொண்டவை. பழுப்புத் தாளில் செம்மண் நிற எழுத்தாக வரைந்திருந்தால் அது அங்கே சாம்பல்மேல் சாம்பலாகத்தான் தெரியும். கறுப்புக் கோட்டில் பெரிய எழுத்தில் தனியாக ஒன்று வரையச் சொல்லுங்கள். படங்களின் எடையும் பணம் தின்னும். 70 சதவீத உரிமத்தொகை (ராயல்டி) திட்டத்தில் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புகைக் கட்டணம் பிடிப்பார்கள். அமெரிக்கத் தளத்தில் ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட். நான்கு பெரிய படங்களால் கோப்பு 6 மெகாபைட் ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் 90 சென்ட் போய்விடும்.

அடுத்தது அறிமுகக் குறிப்பு. 4,000 எழுத்துக்குறி வரை இடம் தருகிறார்கள் என்பதற்காக அதை நிரப்ப வேண்டியதில்லை. முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மீதியைப் பார்க்க ஒருமுறை அழுத்த வேண்டும். மிகுபுனைவு எழுதுகிறவர்கள் இங்கே செய்யும் பிழை ஏறக்குறைய ஒன்றேதான்: முதல் பத்தியிலேயே நாட்டின் பெயர், தெய்வத்தின் பெயர், போரின் பெயர், வாளின் பெயர் என ஆறேழு புதுப்பெயர்கள். குறிப்பு முழுவதிலும் கற்பனைப் பெயர்கள் இரண்டுக்குமேல் வேண்டாம். ஒரு ஆள், அவருக்கு வேண்டியது ஒன்று, அதை அடைந்தால் இழக்கப்போவது ஒன்று. இந்த மூன்றும் முதல் மூன்று வரிகளில் வந்துவிட்டால் உலகம் தானாகப் பின்தொடரும். 150 முதல் 200 சொற்கள் தாராளம்.

அட்டை ஆட்களை அழைத்து வந்தது சரி, சரியான ஆட்களைத்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகுபுனைவு என்பது ஒரே கூட்டமல்ல. விரிந்த நிலப்பரப்பின் முன் சிறிய உருவமும் மிகப்பெரிய எழுத்துகளும் இருந்தால் வாசகர் காவியப் போக்கை எதிர்பார்ப்பார். கிரீடம், முள், மலர் என அலங்காரமாக இருந்தால் காதல் கலந்த மிகுபுனைவு. இரவு நகரத்தில் கையில் ஒளியேந்தி நிற்கும் ஆள் என்றால் நவீன நகரத்து மாயக்கதை. அட்டை ஒன்றைச் சொல்லிக் கதை வேறொன்றாக இருந்தால் க்ளிக் வரும், விற்பனை வராது. வந்தாலும் மோசமான மதிப்புரையாக வரும். உங்கள் உட்பிரிவில் இப்போது நன்றாக விற்கும் இருபது நூல்களின் அட்டைகளை ஒரே திரையில் அடுக்கி, நடுவில் உங்களுடையதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி வையுங்கள். குடும்பத்தில் ஒன்றாகத் தெரிகிறதா, தலைப்பைப் படிக்க முடிகிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஓவியரிடம் திரும்பிப் போங்கள். கோப்பு 2,560 பிக்சல் உயரம், 1,600 அகலம் இருப்பது நல்லது.

பிரிவுகள், குறிச்சொற்கள் விஷயத்தில் நீட்டி முழக்க எதுவுமில்லை. கேடிபியில், அதாவது நூலை நாமே வெளியிடும் அமேசான் தளத்தில், மூன்று பிரிவுகள் தேர்ந்தெடுக்கலாம். ‘மிகுபுனைவு’ என்ற பெருங்கடலில் போடாமல், இயன்றவரை சிறிய உட்பிரிவுகளாகப் பாருங்கள். குறிச்சொற்களுக்கான ஏழு பெட்டிகளிலும் ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, வாசகர் தேடலில் தட்டக்கூடிய சொற்றொடராக எழுதுங்கள். அங்கே பிற எழுத்தாளர்களின் பெயரைப் போடக்கூடாது, விதிமீறல். ஆனால் விளம்பரத்தில் அதே பெயர்களை இலக்காக வைப்பது அனுமதிக்கப்பட்டது, பயனுள்ளதும்கூட. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள், மற்றதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள்.

இப்போது விலை. 2.99 முதல் 9.99 டாலர் வரை வைத்தால் 70 சதவீதம், அதற்கு வெளியே 35. அனுப்புகைக் கட்டணத்தை விட்டுவிட்டால் 2.99க்கு ஏறத்தாழ 2.09 டாலர் கிடைக்கும். 99 சென்ட்டுக்கு 35 சென்ட்தான். ஒரு பிரதியில் வரும் பணத்துக்கு ஆறு பிரதி விற்க வேண்டும். ஒரே ஒரு பாகம் கையில் இருக்கும்போது விலையைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மலிவாக வாங்கியவர் அடுத்ததைத் தேடினால் அங்கே ஒன்றுமில்லை. இலவசத்துக்கும் இதே பதில்தான். இலவசமாக இறக்கிக்கொள்கிறவர்களில் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

நான் சொல்லவருவது இதைத்தான்: தொடர்நாவலில் முதல் பாகத்தால் பணம் வராது, முதல் பாகம் ஆளைக் கொண்டுவரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு க்ளிக்குக்கு நீங்கள் கொடுத்த 30 சென்ட்டையே வைத்துக்கொள்வோம். விற்பனைப் பக்கத்தைச் சரிசெய்தபின் பத்து க்ளிக்குக்கு ஒரு விற்பனை என்று வைப்போம். 100 பிரதி விற்க 300 டாலர் செலவு, வரவு 209. கையிலிருந்து 91 டாலர் நட்டம். எவ்வளவு நன்றாக விளம்பரம் செய்தாலும் ஒற்றை நூலுக்கு இந்தக் கணக்கு எளிதில் தேறாது. அதே 100 பேரில் 50 பேர் 4.99 டாலர் விலையுள்ள இரண்டாம் பாகத்தையும், அவர்களில் 40 பேர் மூன்றாவதையும் வாங்கினால்? ஒரு பிரதிக்கு 3.49 வீதம் 90 பிரதிக்கு 314 டாலர் சேரும். மொத்த வரவு 523, செலவு அதே 300. விளம்பரமும் நூலும் மாறவில்லை, பின்னால் இரண்டு பாகங்கள் இருந்தன, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே இப்போது விளம்பரத்தை நிறுத்திவிட்டு இரண்டாம் பாகத்தை எழுதி முடியுங்கள். அது வெளிவந்து, கடைசியில் நான் சொல்லும் மூன்று மாதக் கணக்கும் தேறியபின் முதல் பாகத்தை 99 சென்ட்டுக்குக் குறைக்கலாம், விளம்பரமும் செய்யலாம். புக்பப் போல, தள்ளுபடி நூல்களை வகை பிரித்து வாசகர்களுக்கு மின்மடலில் அனுப்பும் சேவைகளையும் அப்போது நாடுங்கள். புக்பப்பில் விலை பாதியாவது குறைந்திருக்க வேண்டும், இடம் கிடைப்பதும் கடினம். சிறிய சேவைகள் நான்கைந்தை ஒரே நாளில் கொட்டாமல் அடுத்தடுத்த நாள்களில் வரும்படி பதிவு செய்தால் தரவரிசை ஒரு நாள் எகிறி மறுநாள் விழாமல் சற்று நிற்கும்.

நீங்கள் கேட்காதது ஒன்று: கிண்டில் அன்லிமிடெட், அதாவது சந்தா கட்டியவர்கள் நூல்களைத் தனித்தனியே வாங்காமல் படிக்கும் திட்டம். அதில் நூலைச் சேர்க்க, கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் 90 நாள் ஒப்பந்தம் போட வேண்டும். அந்தக் காலத்தில் மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும்கூட. அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாசகர் படிக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும், ஒருவர் முதல்முறை படிப்பதற்கு மட்டும். 620 பக்க நூல்களுக்கு இந்த முறை சாதகமானது, மிகுபுனைவை விடாமல் படிப்பவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். தொடர் முடியும்வரை அதில் இருங்கள் என்பதே என் யோசனை. ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வெளியேற விரும்பினால் தானாகப் புதுப்பிக்கும் தேர்வுக் குறியை முன்கூட்டியே நீக்க மறக்கவேண்டாம். மறந்துவிட்டு மற்ற கடைகளில் நூலை ஏற்றினால் கணக்குக்கே ஆபத்து.

முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. கதை முடிந்த அடுத்த வரியிலேயே, நன்றியுரைக்கும் சொல்விளக்கத்துக்கும் முன்பாக, இரண்டாம் பாகத்துக்கான இணைப்பு இருக்க வேண்டும். அது இன்னும் வெளிவரவில்லை என்றால் முன்பதிவு வைக்கலாம், ஓராண்டு முன்னதாகவே அனுமதிக்கிறார்கள். இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்பு ஏற்றிவிட வேண்டும். முன்பதிவை ரத்து செய்தால் ஓராண்டுக்கு அந்த வசதியே போய்விடும், எனவே தேதியைத் தாராளமாக வையுங்கள். கூடவே உங்கள் மின்மடலில் சேர ஒரு இணைப்பு. சேர்பவர்களுக்கு அதே உலகில் நடக்கும் சிறுகதை ஒன்றைக் கொடுங்கள், பத்தாயிரம் சொற்களுக்குள். நான் வெட்டச் சொன்னதற்காக நீங்கள் வருந்தப்போகும் அந்த முப்பது பக்க வரலாற்றில் அப்படி ஒரு கதை நிச்சயம் ஒளிந்திருக்கும். மடலைச் சொந்த டொமைன் முகவரியிலிருந்து அனுப்புங்கள். இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து மொத்தமாக அனுப்புபவை எரிதப் பெட்டியில் (ஸ்பேம்) போய் விழும்.

மதிப்புரைகளுக்கு உறவினரை நாடாதீர்கள், அமேசான் அவற்றை நீக்கிவிடும். இரண்டாம் பாகம் வரும் நாலு வாரம் முன்பு, முதலாவதை விரும்பிப் படித்த முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேருக்கு இலவசப் பிரதி அனுப்பலாம். மதிப்புரை எழுதியே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடவோ, அதற்குப் பரிசு தரவோ கூடாது. பாதிப்பேர்கூட எழுதமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு அனுப்புங்கள்.

இரண்டாம் பாகம் வெளியாகி மூன்று மாதம் ஆனதும் அந்த மூன்று மாதத்தில் இரண்டு பாகமும் எத்தனை விற்றன என்று பாருங்கள். முழு விலையில் விற்றவற்றை மட்டும் எடுங்கள், இலவசத்தைச் சேர்க்காதீர்கள். அன்லிமிடெடில் படிக்கப்பட்ட மொத்தப் பக்கங்களை, கேடிபி உங்கள் நூலுக்குத் தரும் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை முழு வாசிப்பு என்று கிடைக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதலாவதை வாங்கியவர்களில் பாதிப்பேர் இரண்டாவதுக்கு வந்திருந்தால் விளம்பரத்தைத் தைரியமாகத் தொடங்கலாம். முப்பது சதவீதத்துக்குக் கீழே என்றால் விளம்பரத்தைத் தொடாதீர்கள், பிரச்சினை முதல் பாகத்தின் கடைசி நூறு பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.