நாற்பத்து நாலு பொட்டலம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் கல்லூரி முதலாண்டு சேர்ந்து ஒன்றரை மாதமாகிறது. சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். வகுப்பில் 40 பேர், யாரோடும் ஒட்டவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம். வரும் சனிக்கிழமை ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் என ஒருநாள் சுற்றுலா. நண்பர்களைப் பிடிப்பது எப்படி? என்ன பேசுவது? பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கூச்ச சுபாவத்தைச் சாதிச் சான்றிதழ் மாதிரி போகிற இடமெல்லாம் நீட்டாதே, தம்பி. அந்த நாற்பதில் பாதிப்பேர் அதே சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் உட்கார். வாந்தி வருமென்றால் முன்னால்.

மதியச் சோறு யார் பொறுப்பு? அதை நீ எழுதவே இல்லை. இப்போதெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஹோட்டலில் இறக்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே கூட்டுச் சேர்ந்த நாலு பேர் ஒரு மேசையைப் பிடிப்பார்கள், புதியவன் ஓரத்தில் செல்போனோடு உட்காருவான். கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்தது.

கட்டுச்சோறு கொண்டுபோங்கள். புளிச்சோறு. உள்ளூர்ப் பையன் ஒருவன் வகுப்பில் இருப்பான், அவன் வீட்டு அப்பத்தாவிடம் போய் நில். 6 கிலோ அரிசிக்குப் புளி 750 கிராம், நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர். புளிக்காய்ச்சலை வெள்ளி சாயங்காலமே எண்ணெய் பிரிகிறவரை காய்ச்சிவிட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சைப்புளி வாடை போகாது. சனி விடியக்காலை நாலு மணிக்குச் சோறு, பொலபொலவென்று வடித்தது. பாயில் வெள்ளைத்துணி விரித்துக் கொட்டி, எண்ணெய் தெளித்து ஆறவிடு. சூட்டோடு கிளறினால் பருக்கை உடைந்து களியாகும். சூட்டோடு கட்டினால் இலைக்குள் வியர்த்து, மதியம் பிரிக்கும்போது நாறும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், வெங்காயம் போடாமல். தேங்காய்த் துவையல் பக்கமே போகாதே, வெயிலில் ஊசிப்போகும்.

கட்டுவதற்கு நாலு பேர் வேண்டும். ஒருவன் இலையை அனலில் வாட்ட, ஒருவன் அள்ளிவைக்க, ஒருவன் மடிக்க, ஒருவன் வாழைநாரில் முடிச்சுப் போட. வாட்டாத இலை மடிப்பில் கிழியும். உலர்ந்த நார் அறுந்துபோகும், முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தெரியாதவன் தெரிந்தவனிடம் கேட்டுத்தானே ஆகவேண்டும்? என்ன பேசுவது என்று கேட்டாயே, “டேய், நாரை எடு” என்று பேசு! பத்தாவது பொட்டலத்துக்குள் எவன் வீட்டில் என்ன சண்டை என்பதுவரை வந்துவிடும்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள், பூப்போட்ட பக்கம் அடியில் இருக்கும். நாற்பது பேரும் ஒரேயடியாக முண்டினால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். பத்துப் பத்தாகப் போங்கள். திருமயம் கோட்டைக்கு உச்சிவெயிலில் ஏறவேண்டாம், பாறை சுடும்.

ஒன்று விட்டுவிட்டேன். நாற்பது என்று கணக்குப் போட்டிருப்பாய். வாத்தியார்கள் இருவராவது வருவார்கள், டிரைவர், கிளீனர். ஆக 44. இலை 50 வாங்கு, ஐந்தாறு கட்டாயம் கிழியும்.