பதில்: மூஞ்சூறு மூளையில் டோபமைன் தெரிகிறது, செரட்டோனின் தெரியவில்லை

நாகர்கோவில் நண்பருக்கு, மூஞ்சூறு மூளையில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் (டோபமைன் தயாரிப்பின் முதல் நொதி) ஸ்டெய்ன், அதாவது நிறமேற்றம், பளிச்சென்று வருகிறது, செரட்டோனின் மட்டும் மங்கல் என்கிறீர்கள். உங்கள் ஆன்டிபாடியை (தேடும் மூலக்கூறில் ஒட்டி அதைக் காட்டும் புரதம்) குறை சொல்ல மாட்டேன். மூளையை வெளியே எடுத்த பிறகுதான் திசுவைச் சிதையாமல் நிலைநிறுத்தும் ஃபார்மலினில் போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதி, பெரிய புரதம். கொஞ்சம் தாமதித்தாலும் தாங்கும். செரட்டோனின் சின்ன மூலக்கூறு. உயிர் போனதும் சிதையத் தொடங்கும், கசிந்தும் ஓடிவிடும்.

அடுத்த முறை மூஞ்சூறு ஆழ்ந்த மயக்கத்தில் இருக்க, இதயம் துடிக்கும்போதே அதன் வழியாகச் செலுத்துங்கள்: முதலில் ரத்தத்தைக் கழுவ சலைன் (உப்புக் கரைசல்) சுமார் 50 மில்லி, உடனே அன்றன்று தயாரித்த 4% பாராஃபார்மால்டிஹைடு 100 முதல் 150 மில்லி. கல்லீரல் வெளுக்காவிட்டால் ரத்தம் வடியவில்லை, பின்னணிக் கறை நிச்சயம். மூளையை எடுத்து ஒரு இரவு அதே பாராஃபார்மால்டிஹைடில், பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் மூளை அடியில் மூழ்கும்வரை. மெல்லிய சீவலாக 40 மைக்ரான் செக்‌ஷன், ஆன்டிபாடி உள்ளே புக 0.3% டிரைட்டான், ஆன்டிபாடியில் 4 டிகிரியில் 48 மணி நேரம்.

கையிலிருக்கும் பழைய மூளைகளை எறியாதீர்கள். செரட்டோனின் தயாரிக்கும் நொதியான டிரிப்டோஃபேன் ஹைட்ராக்சிலேஸ் 2-க்கான ஆன்டிபாடி போட்டால், மூளைத்தண்டின் செரட்டோனின் செல்களான ராஃபே செல்கள் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு.

இன்னொன்று: டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் தெரியும் இடமெல்லாம் டோபமைன் அல்ல. மூளைத்தண்டிலுள்ள லோக்கஸ் செருலியஸ் நார்அட்ரீனலின் செல்களின் கூட்டம், அதற்கும் இந்த நொதி வேண்டும். டோபமைனை நார்அட்ரீனலினாக மாற்றும் நொதியான டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸையும் பக்கத்துச் செக்‌ஷனில் பார்த்துவிட்டே வரைபடத்தில் குறியுங்கள்.

நம்மூர் ஆனி, ஆடிச் சாரலில் ஜெலட்டின் பூசிய கண்ணாடி ஸ்லைடு மேசையில் காயாது. செக்‌ஷன் உரிந்து மிதக்கும். 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு இரவு வையுங்கள்.