ஸ்கைரிம் வீடியோ கேமில் விண்ட்ஹெல்ம் நகரக் கொலை வழக்கு முடிந்த மாதிரியும் இருக்கிறது, முடியாத மாதிரியும் இருக்கிறது. முக்கியக் கதையில் சேராத ஒரு சைடு குவெஸ்டுக்கு இவ்வளவு நேரம் கொடுப்பது வீண்தானே?

முடியவில்லை. அரண்மனை மந்திரவாதி வூன்ஃபெர்த்தை நீங்கள் அரண்மனை நிர்வாகி ஜோர்லீஃபிடம் காட்டிக்கொடுத்து உள்ளே தள்ளியிருப்பீர்கள். கேள்வியில் அதை எழுதவில்லை, ஆனாலும் "முடிந்த மாதிரி முடியாத மாதிரி" என்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். விளையாட்டுக் கணக்கில் சில நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள், இன்னொரு பெண் செத்துக் கிடப்பாள். அப்புறம் சிறைக்குப் போய் அந்தக் கிழவரிடமே பேசுங்கள், மீதி தானாக நகரும்.

கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2011 நவம்பரில் வந்த கேம், இனிமேலும் "சஸ்பென்சை உடைத்துவிட்டாய்" என்று யாராவது சண்டைக்கு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் எனக்குச் சுட்டது. என் அக்கா வீட்டுக்காரரும் இதே கேம்தான் ஆடினார். தீபாவளிக்குச் சிங்கப்பூர் ஈசூனில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, "அந்தக் கொலைக் கேஸா, அரை மணி நேரத்தில் மந்திரவாதியைப் பிடித்துக் கொடுத்தேன், தாயத்தை விற்று 500 தங்கம் வாங்கினேன், முடிஞ்சது" என்கிறார். மச்சான், அது தப்பான ஆள் என்றேன். "கேம் ஏற்றுக்கொண்டதே, அப்புறம் என்ன தப்பு? டிராகனைக் கொல்ல வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்றார். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. ஏனென்றால் அந்த குவெஸ்டின் அழகே அதுதான், தப்பான பதிலையும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும், நீங்கள் ஏமாந்ததைச் சொல்லவே சொல்லாது.

நான் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். பெரிய துப்பறியும் புலி என்று காட்டிக்கொள்ள அல்ல. எனக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான். நேரம் எப்படி வந்தது என்பது தனி வயிற்றெரிச்சல். எனக்கு நைட் ஷிப்ட், சாங்கி பக்கம் ஒரு கிடங்கில். காலையில் வந்து படுத்தால், மேல்வீட்டில் புதிதாகக் குடிவரப் போகிறவர்கள் தரைக்கல்லை உடைக்க ஆரம்பித்திருப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் பெரிய சத்தம் வருகிற வேலையைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் செய்யலாம் என்பது விதி, அதனால் புகார் செய்யவும் வழியில்லை. ராத்திரி தூங்குகிறவர்களுக்காக எழுதிய விதி. ராத்திரி முழுக்கக் கண் விழித்து உங்கள் பார்சலைப் பிரித்து அடுக்குகிறவன் எப்போது தூங்குவது? லிஃப்ட் பக்கத்தில் "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், வருந்துகிறவர்களைக் கடைசிவரை நான் பார்க்கவே இல்லை. சரி, அதை விடுங்கள். தூங்க முடியாதவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விண்ட்ஹெல்ம் போனேன்.

கல்லறைப் பக்கம் சுசானா பிணமாகக் கிடக்கிறாள், கேண்டில்ஹார்த் விடுதியில் வேலை பார்த்த பெண். காவலர்களுக்குப் போர் வேலையே சரியாக இருக்கிறது, நீயே விசாரி என்கிறார்கள். பிணத்தைப் பதப்படுத்தும் ஹெல்கிர்டிடம் பேசாமல் போய்விடாதீர்கள். வெட்டின் வளைவைப் பார்த்து, இது பழைய நார்ட் இனத்து ஆட்கள் பிணம் பதப்படுத்திய கத்தி மாதிரி இருக்கிறது என்பாள். ரத்தத் தடம் ஹியெரிம் என்ற பூட்டிய வீட்டில் போய் நிற்கும், சாவி டோவாவிடம் இருக்கும். அவள் மகள் ஃபிரிகாவும் இதே கொலைகாரனுக்குப் பலியானவள்தான். வீட்டுக்குள் அலமாரியின் பின்பலகையை நகர்த்தினால் எலும்பும் சதையும் வைத்த ஒரு பீடம். பட்டப்பகலில் ஆடியும் எனக்கு முதுகு சில்லிட்டது.

அங்கே கிடைத்த தாயத்தைக் கலிக்ஸ்டோ என்பவனிடம் காட்டுகிறோம், அரும்பொருள் வைத்துக் காசுக்குக் காட்டுகிறவன். இது அரண்மனை மந்திரவாதிகள் வழிவழியாக வைத்திருப்பது என்கிறான், கூடவே 500 தங்கம் தருகிறேன் என்கிறான். எனக்கு அங்கேதான் இடித்தது. தேக்கா கடைத்தெருவில் பழைய நகையை விற்கப் போனவர்களுக்குத் தெரியும், வாங்குகிறவர் முதலில் குறைதான் சொல்வார். இவன் ஒரு குறையும் சொல்லாமல் பெரிய விலையை நீட்டுகிறான், அதோடு கேட்காமலே இன்னொருத்தரைக் கைகாட்டுகிறான். நான் விற்கவில்லை. ஜோர்லீஃபிடமும் போகவில்லை, நேராக வூன்ஃபெர்த்திடமே போய்க் கேட்டேன். கிழவர் முதலில் சீறினார், அப்புறம் தாயத்தைப் பார்த்துவிட்டு இது பிணத்தை எழுப்புகிறவர்களுடையது என்றார். கொலைகள் நடந்த நாள்களை அவரே குறித்து வைத்திருக்கிறார், அடுத்தது எங்கே, எப்போது என்றும் சொல்லிவிட்டார். ராத்திரி சந்தையில் காத்திருந்தால் அரிவான்யாவின் பின்னால் கத்தியோடு வருவது சாட்சாத் கலிக்ஸ்டோ.

அவனைக் கொன்றதோடு நிறுத்தாதீர்கள். உடம்பில் சாவி இருக்கும், அவன் வீட்டுப் பெட்டியைத் திறந்து நாட்குறிப்புகளைப் படியுங்கள். செத்துப்போன தங்கை லூசில்லாவை மறுபடி எழுப்பத்தான் இத்தனை உடல்களையும் வெட்டியிருக்கிறான். அரும்பொருள்களைச் சுற்றிக் காட்டும்போதே அந்தத் தங்கையோடு ஊர் ஊராகப் போனதைச் சொல்லியிருப்பான், நாம் கேட்டுக்கொண்டே காசுப் பையை எண்ணியிருப்போம். முக்கியக் கதையில் அந்த அல்டுயின் டிராகன் இத்தனை தடவை உறுமியும் எனக்கு இப்படி ஒரு மாதிரி ஆகவில்லை. மச்சான் இதைப் படிக்கவே இல்லை, ஆனால் தீர்ப்பு மட்டும் சொல்வார். நான் சொன்னதற்கு "யூடியூபில் பார்த்திருப்பே" என்றார். பார்க்கவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

எல்லா சைடு குவெஸ்டும் இப்படி என்று சொல்ல வரவில்லை. குகைக்குப் போ, பொருளை எடு, திரும்பிக் கொடு வகையெல்லாம் தாராளமாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இந்த குவெஸ்ட் பாதியில் சிக்கிக்கொள்வதற்குப் பெயர் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் தனியாக சேவ் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆடினால், ரசிகர்களே எழுதிய அன்அஃபிஷியல் பேட்ச் என்ற திருத்தத் தொகுப்பு பல சிக்கல்களைச் சரிசெய்துவிடும். ஹியெரிமை 12,000 தங்கத்துக்கு வாங்கும் எண்ணமிருந்தால் முதலில் வழக்கை முடித்துவிட்டு வாங்குங்கள், வரிசை மாறினால் வீடும் வழக்கும் சேர்ந்து குழம்பும். கொலைகாரன் விட்டுப்போன அசிங்கத்தைக் கழுவ அரண்மனையில் தனியாக 500 கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.