அக்காகிட்ட பேச்சு இல்ல, அது வேற விஷயம்னு எழுதுன தங்கச்சிக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு வயசு 27, பிஎஸ்சி நர்சிங் முடிச்சு நாலு வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன், சம்பளம் 17,000. அப்பா இல்ல, அம்மாவுக்கு சுகர், தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். சவுதில ஒரு ஆஸ்பத்திரியில வேலை வந்திருக்கு, சர்டிபிகேட் சரிபாக்குற டேட்டாஃப்ளோ முடிஞ்சு, அங்க நர்ஸ் வேலைக்கு எழுதுற ப்ரோமெட்ரிக் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டேன், ஏஜெண்ட் 2 லட்சம் கேக்குறார். போறது தேவசித்தமான்னு தெரியல. வருஷப்பிறப்பு ஆராதனையில ஆளுக்கு ஒண்ணா எடுக்குற வேத வசன கார்டுல, அந்த வாக்குத்தத்த கார்டுல எனக்கு வந்தது "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்", அது கடல் கடந்து போறதத்தான் சொல்லுதுன்னு அம்மா சொல்றாங்க. ஜெபக்குழுவுல ஒரு அக்கா தரிசனத்துல கப்பல் பாத்தேன்னாங்க, இன்னொரு ஊழியக்காரர் இது சத்துருவோட கண்ணி, பொறுன்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குள்ள ஏஜெண்ட் போன் பண்ணா போறேன்னு அடையாளம் கேட்டேன், போன் சனிக்கிழமை காலையில வந்துச்சு. ரெண்டு மாசமா தூக்கம் இல்ல. வீட்டுலயும் நிம்மதி இல்ல, என் படிப்புக்காக அடகு வச்ச எங்க அக்காவோட 3 பவுன் சங்கிலி மூழ்கிப் போனதுல இருந்து ஒரு வருஷமா அக்காகிட்ட பேச்சு இல்ல, அது வேற விஷயம். விசுவாசத்துல வளரணும்னு ஆசையா இருக்கு, ஆனா ஆண்டவரோட சித்தமே தெரியாம எப்படி வளர்றது? உங்க தங்கச்சியா நினைச்சு சொல்லுங்க.
– பேர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தங்கச்சி, உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன், மூணு தடவையும் ஒரே எடத்துலதான் நின்னேன், அது சவுதி இல்ல, அந்த சங்கிலி. அதுக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல நீ கேட்டதுக்கு வர்றேன்.

தேவசித்தத்த அறியறது பத்தி வேதத்துல நேரடியா ஒரு ஜெபமே இருக்கு, கொலோசெயர் 1:9, 10. பவுல் ஜெயில்ல இருந்து எழுதுறார், தான் முகம் கூட பாக்காத கொலோசெங்கற ஊர் சபைக்கு. அவங்களுக்கு சுவிசேஷம் சொன்னது எப்பாப்பிரா, அவர் அந்த ஊர்க்காரர். அவங்களுக்காக பவுல் என்ன கேக்குறார்னு பாரு, "அவருடைய சித்தத்தை அறிகிற அறிவினாலே நிரப்பப்படவும்"னு ஆரம்பிச்சு, கர்த்தருக்குப் பிரியமா நடந்துக்கணும், நற்கிரியைகள்ல கனி கொடுக்கணும், "தேவனை அறிகிற அறிவில் விருத்தியடைந்து"ன்னு போகுது. அறிவுல ஆரம்பிச்சு நடக்குறதுக்குப் போய் மறுபடியும் அறிவுக்கே வந்து நிக்குது பாத்தியா. தெரிஞ்சத செய்றவனுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும், அத செஞ்சா இன்னும் கொஞ்சம். நீ நினைக்கிற மாதிரி முழு சித்தமும் தெரிஞ்சாதான் வளர முடியும்னா கொலோசெ சபையில ஒருத்தர் கூட வளந்திருக்க முடியாது.

இது உனக்கு என்னை விட நல்லா புரியணும், ஏன்னா நீ நர்ஸ். ஐவி லைன் போடுறது எப்படின்னு காலேஜ்ல புக்ல படிச்சிருப்ப, பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருப்ப, ஆனா வார்டுல மொத நாள் ஒரு வயசான அம்மாவோட கையப் பிடிச்சு வெயின் தேடும்போது அந்த புக் எங்க போச்சுன்னு தெரிஞ்சிருக்காது. இன்னைக்கு உன் விரலே கண்டுபிடிக்குது. அது எப்படி வந்துச்சு, போட்டுப் போட்டு வந்துச்சு. யோவான் 7:17ல இயேசு சொல்றதும் இதேதான், அவருடைய சித்தத்தின்படி செய்ய மனசு இருக்குறவன்தான் உபதேசம் தேவனால வந்ததான்னு அறிஞ்சுக்குவான்னு சொல்றார். செய்ய மனசு முன்னாடி வருது, அறியறது பின்னாடி வருது. நாமெல்லாம் இத தலைகீழா வச்சிருக்கோம், மொதல்ல எனக்குத் தெரியணும், அப்புறம் செய்யலாமா வேண்டாமான்னு பாப்போம்னு.

இப்போ அந்த வாக்குத்தத்த கார்டு. எனக்கு அந்த கார்டு மேல மரியாத உண்டு, சின்ன வயசுல இருந்து ராத்திரி 12 மணிக்கு அந்தத் தட்டுல கைய விட்டு எடுக்குறப்போ நெஞ்சு படபடக்கும், எத்தன பேரு அந்த ஒரு வசனத்தப் பிடிச்சுக்கிட்டே வருஷம் பூரா ஓட்டியிருக்காங்க. ஆனா ஏசாயா 43:2 யாருக்குச் சொன்ன வார்த்தைன்னு அந்த அதிகாரத்த முழுசா உக்காந்து வாசி. நாடு இழந்து சிறையிருப்புல இருக்குற இஸ்ரவேலுக்கு பயப்படாத, நான் உன்ன மீட்டுக்கிட்டேன், நீ என்னோடவன்னு சொல்ற எடம் அது. தண்ணி மட்டுமில்ல, அடுத்த வரியிலயே அக்கினியும் வருது. உனக்கு அதுல வாக்குத்தத்தம் என்னன்னா "நான் உன்னோடு இருப்பேன்"ங்கறதுதான். நீ ரியாத்துக்குப் போனாலும் அது உண்மை, இங்கயே நைட் டியூட்டி பாத்தாலும் உண்மை. அத விசா தேதி மாதிரி படிச்சா அந்த வசனத்தோட பெரிய ஆறுதல் உனக்குக் கிடைக்காமலே போயிடும்.

அடையாளம் கேட்ட விஷயமும் அப்படித்தான். எல்லாரும் கிதியோன் அடையாளம் கேட்டு களத்துல போட்ட ஆட்டுத் தோலச் சொல்றாங்க, நியாயாதிபதிகள் 6. ஆனா கிதியோன் தோலப் போடுறதுக்கு முன்னாடியே கர்த்தர் அவன்கிட்ட போன்னு தெளிவா சொல்லிட்டார், அவனே "தேவரீர் சொன்னபடி"ன்னு சொல்லிட்டுத்தான் தோலப் போடுறான். அவனுக்கு சித்தம் தெரியாம இல்ல, பயம். கர்த்தர் அந்த பயத்துக்கு எறங்கி வந்தார், அது அவரோட இரக்கம். யூதாசோட எடத்துக்கு சீட்டு போட்டு மத்தியாவ தெரிஞ்செடுத்தது அப்போஸ்தலர் 1ல, அடுத்த அதிகாரத்துலயே பரிசுத்த ஆவியானவர் வந்துட்டார், அதுக்கு அப்புறம் சபை சீட்டு போட்டு முடிவெடுத்ததா அந்தப் புத்தகத்துல எங்கயும் இல்ல. 15ஆம் அதிகாரத்துல பெரிய பிரச்சன வந்தப்போ உக்காந்து வாதாடுறாங்க, ஒருத்தர் சொல்றத ஒருத்தர் கேக்குறாங்க, வேத வசனத்த எடுத்து வைக்கிறாங்க, அப்புறம்தான் பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாக் கண்டதுன்னு எழுதுறாங்க. உனக்கு போன் வெள்ளிக்கிழமைக்கு பதிலா சனிக்கிழமை வந்ததுக்கு அந்த ஏஜெண்டோட வேலைதான் காரணமா இருக்கும் தங்கச்சி, அதுல ஆண்டவரோட மனச தேடாத.

கப்பல் பாத்த அக்கா, கண்ணின்னு சொன்ன ஊழியக்காரர், ரெண்டு பேரும் உன் மேல அன்பாத்தான் சொல்லியிருப்பாங்க, நான் அவங்களக் கொறை சொல்ல வரல. ஆனா தீர்க்கதரிசனத்த சோதிச்சுப் பாக்கணும்னு வேதமே சொல்லுது, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்", 1 தெசலோனிக்கேயர் 5:21. ரோமர் 12:2ல சித்தம் இன்னதுன்னு பகுத்தறியணும்னு வருதே, மூல பாஷையில அந்த வார்த்தை பொன், வெள்ளி, நாணயம் இதெல்லாம் நல்லதான்னு சோதிக்கிறதுக்குச் சொல்ற வார்த்தை. ஆசாரி உரைகல்லுல உரசிப் பாக்குற மாதிரி. உரசாம ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே எடுத்தா ரெண்டு மாசம் என்ன ரெண்டு வருஷமானாலும் தூக்கம் வராது.

நானும் இந்த எடத்துல நின்னவதான். 24 வயசுல எனக்கு வெளியூர்ல டீச்சர் வேலை கிடைச்சு போகவா வேண்டாமான்னு கண்ண மூடி வேதத்தத் திறந்து விரல் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், எங்கம்மா ஒரு நாள் அடுப்படியில இருந்தே கேட்டாங்க, மாடியில இருக்குற பாட்டிக்கு மருந்து வாங்கித் தர்றேன்னு போன வாரம் சொன்னியே, வாங்குனியான்னு. நான் வாங்கல. சித்தம் தேடுறதுல அவ்வளவு பிஸியா இருந்திருக்கேன். அன்னைக்கு அழுதுக்கிட்டே மருந்துக் கடைக்குப் போனது இப்பவும் ஞாபகம் இருக்கு.

வேதத்துல "இது தேவனுடைய சித்தம்"னு அப்படியே வார்த்தையா எழுதி வச்ச எடங்கள் இருக்கு. நீங்க பரிசுத்தமா இருக்கணும்ங்கறது தேவசித்தம், எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்றது தேவசித்தம், இது ரெண்டும் 1 தெசலோனிக்கேயர் 4லயும் 5லயும். நன்மை செஞ்சு புத்தியில்லாதவங்க வாய அடைக்கிறது தேவசித்தம், 1 பேதுரு 2:15. மீகா 6:8 நியாயம் செய், இரக்கத்த நேசி, தாழ்மையா நடன்னு சொல்லுது. ஊர் பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. அது எதுக்கும் கார்டு எடுக்க வேண்டாம், தரிசனம் வேண்டாம், இன்னைக்கு ராத்திரியே தெரியும்.

இப்போ சங்கிலி.

உனக்குத் தெரியுமா, அந்தக் கொலோசெயர் நிருபத்த ஜெயில்ல இருந்து கொண்டுபோனது தீகிக்கு, அவனோட கூட போனது ஒநேசிமு, 4ஆம் அதிகாரத்துல இருக்கு. ஒநேசிமு ஒரு அடிமை, எஜமான் பிலேமோன விட்டுப் பிரிஞ்சு போனவன், அவருக்கு நஷ்டமும் பண்ணியிருக்கலாம், பவுல் பிலேமோனுக்கு எழுதுறார், உனக்கு அநியாயம் செஞ்சிருந்தாலும் கடன்பட்டிருந்தாலும் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்". தேவசித்தத்த அறியற அறிவுல நிரம்பணும்னு ஜெபிச்ச அந்தக் கடிதத்தோட நடந்து போனவன், தான் பிரிஞ்சு வந்த வாசலுக்கே திரும்பப் போனவன். எனக்கு இத படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். அவனுக்கு அடிமைங்கற பயமும் இருந்திருக்கும், உனக்கு அது இல்ல, உனக்கு இருக்குறது கூடப் பொறந்தவ.

உன் படிப்புக்காக கழுத்துல இருந்து கழட்டிக் கொடுத்தவங்க உங்க அக்கா. அது மூழ்குனதுக்கு வட்டி கட்டாம விட்டது யார் தப்புன்னு நீ எழுதல, நானும் கேக்கல. ஆனா நீ பாஸ் பண்ண ப்ரோமெட்ரிக்ல அந்த 3 பவுன் இருக்கு. மத்தேயு 5ல பலிபீடத்துக்கிட்ட காணிக்கையோட நிக்கும்போது உன் மேல உன் சகோதரனுக்குக் கொறை இருக்குன்னு நினைவு வந்தா காணிக்கைய அங்கயே வச்சுட்டு மொதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றாரே, அது உபவாச ஜெபத்துக்கும் சேத்துத்தான்னு நான் நம்புறேன். அது வேற விஷயம் இல்ல தங்கச்சி. உனக்கு இன்னைக்குத் தெளிவா தெரிஞ்ச தேவசித்தம் அது ஒண்ணுதான், அதத்தான் நீ ஒரு வரியில தாண்டிப் போயிருக்க.

சரி, சவுதி. ஏஜெண்ட் 2 லட்சம் கேக்குறார்னு எழுதுன எடத்துல எனக்கு மனசு திக்குன்னுச்சு. பதிவு பண்ண ஏஜெண்ட் சட்டப்படி 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. மத்திய அரசோட இமைக்ரேட் வெப்சைட்ல அவர் பேரு லைசென்ஸோட இருக்கான்னு பாரு, சென்னை கிண்டியில நம்ம தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அங்கயும் நர்ஸ் வேலை இருக்கான்னு கேளு. கான்ட்ராக்ட்ட கையில வாங்கி சம்பளம், டியூட்டி நேரம், தங்குற எடம், லீவுக்கு டிக்கெட் எல்லாம் ஒவ்வொரு வரியா படி. இதெல்லாம் உலகப்பிரகாரமான வேலை, ஜெபம்தான் ஆவிக்குரியதுன்னு பிரிக்காத, பவுல் அந்த ஜெபத்துலயே "எல்லா ஞானத்தோடும், ஆவிக்குரிய விவேகத்தோடும்"னு சேத்துத்தான் கேட்டார். இன்னொண்ணு, அங்க ஆலயம் கிடையாது, வெளிப்படையா கூடி ஆராதிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை ஆராதனை இல்லாம உன் விசுவாசம் எதுல நிக்கும், தனியா வேதம் வாசிக்கிற பழக்கம் இப்பவே இருக்கா, இத நீயும் உங்க அம்மாவும் சபையில விவரம் தெரிஞ்ச மூத்தவங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. அம்மாவுக்கு சுகர் மாத்திரைய யார் பாப்பா, தம்பி படிப்பு எப்போ முடியுதுன்னும் பேசுங்க.

இதெல்லாம் பாத்து சரியா இருந்தா போ, இல்லன்னா விடு, ரெண்டுலயும் நீ பாவம் பண்ணல. தப்பா முடிவெடுத்து ஆண்டவரோட திட்டத்த ஒடச்சிடுவேனோன்னு பயப்படுறவங்களுக்கு நான் எப்பவும் அப்போஸ்தலர் 16தான் காட்டுவேன். பவுல் ஆசியாவுல, அதாவது இன்னைக்கு துருக்கியில இருக்குற அந்த ரோம மாகாணத்துல, வசனம் சொல்லப் போறார், பரிசுத்த ஆவியானவர் தடுக்குறார், பித்தினியாவுக்குப் போகப் பாக்குறார், அங்கயும் தடை, துரோவாவுல வந்து நிக்கிறார், ராத்திரி தரிசனத்துல மக்கெதோனியா மனுஷன் கூப்பிடுறான். அவ்வளவு தெளிவா தரிசனம் வந்து போன எடத்துல என்ன கிடைச்சுது, பிலிப்பியில அடியும், ஜெயில்ல கால மாட்டி வைக்கிற தொழுமரமும். அதனால கஷ்டம் வந்தா சித்தம் தவறிட்டோம்னு அர்த்தம் இல்ல. தடுத்த அந்த ஆசியாவுக்கே அப்புறமா போய் எபேசுல ரெண்டு வருஷம் தினமும் பேசுறார், ஆசியாவுல குடியிருந்த எல்லாரும் கேட்டாங்கன்னு 19ல எழுதியிருக்கு. கொலோசெ அதே ஆசியாவுலதான் இருக்கு. அன்னைக்கு தடை வந்தப்போ பவுலுக்கு இது எதுவும் தெரியாது, அடுத்த ஊருக்கு நடந்தார், அவ்வளவுதான்.

ஏஜெண்டுக்கு ஒரு வாரம் டைம் கேளு. அதுக்குள்ள அக்கா வீட்டுக்குப் போ, போன்ல வேண்டாம், நேர்ல போ. 3 பவுனுக்கும் இப்போ உன்கிட்ட பணம் இருக்காது, பரவால்ல, இந்த மாச சம்பளத்துல 2,000 எடுத்துட்டுப் போ, மாசாமாசம் தர்றேன்னு சொல்லு, மன்னிச்சிரு அக்கான்னு கேளு. கதவத் தெறக்கலன்னா அடுத்த வாரமும் போ. அக்கா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது, சவுதி பத்தி அதுக்கு அப்புறம் எழுதுனா போதும்.