ஆரம்பக் காலத்து உஷா

கேள்வி: உஷா உதுப் இன்றும் மேடையேறிப் பாடுகிறார். எங்கள் அப்பச்சியோ முகப்பில் அமர்ந்து பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு, ‘அந்த நாள் உஷா வேறு’ என்கிறார். இப்பற்றுக்கு என்ன காரணம்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தங்கள் அப்பச்சியின் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1969இல், சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில், பட்டுப்புடவையும் பொட்டுமாக ஓர் இளம்பெண் வந்து நின்று, ஆண்குரலோ என ஐயுறவைக்கும் கனத்த குரலில் ஆங்கிலப் பாப் பாடல்களைப் பாடியபோது, கண் கண்டதும் காது கேட்டதும் ஒன்றோடொன்று பொருந்தாமல் அவையோர் திகைத்திருப்பார்கள். அந்தத் திகைப்பு ஒருமுறைதான் வாய்க்கும். பள்ளியில் இசை வகுப்புக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கப்பட்ட குரல் அது. பிறகு கொல்கத்தா பார்க் தெருவின் ‘டிரிங்காஸ்’ உணவகம் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. 2024இல் பத்ம பூஷண் கிடைத்தது.

அப்பச்சியின் தட்டில் ‘உஷா ஐயர்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் அப்பெயரில்தான் பாடினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: கீறல் விழுந்த இடத்தில் முள் துள்ளும்போது, விடுபட்ட சொல்லை அப்பச்சியே மெல்ல முணுமுணுத்து நிரப்புவார். கீறலற்ற புதுப் பதிவை நீங்கள் கைப்பேசியில் போட்டுக்காட்டினால், ‘ஏதோ குறைகிறதே’ என்றுதான் சொல்வார். அதற்காக அவரோடு வாதிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மறுபக்கத்தைத் திருப்பிப் போடுங்கள்.