புதிய விடைக்கோழிகளைப் பழைய கோழிகள் கொத்தினால்

கேள்வி: வீட்டின் பின்புறம் ஆறு முட்டைக்கோழிகளை ஓராண்டுக்கு மேலாக வளர்த்து வருகிறேன். பத்து நாள்களுக்கு முன் மூன்று விடைக்கோழிகளை (முட்டையிடும் பருவத்தை நெருங்கும் இளம் பெட்டைகளை) வாங்கி அவற்றோடு சேர்த்து விட்டேன். பழைய கோழிகளில் ஒன்று இவற்றைத் தீவனத் தொட்டியருகே விடாமல் தலையில் கொத்தித் துரத்துகிறது. இரண்டு நாள்களாக ஒரு விடைக்கோழிக்கு வாலடியில் இறகு போய் இரத்தம் கசிகிறது. அந்த முரட்டுக் கோழியை விற்றுவிடலாமா, அல்லது அதன் அலகு நுனியை வெட்டலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இரத்தம் கசியும் விடைக்கோழியை மட்டும் இன்றே தனியாக எடுத்துவிடுங்கள். சிவப்பு நிறம் கோழிகளின் கண்ணை இழுக்கும். ஒன்று கொத்திய புண்ணை மற்றவையும் கொத்தத் தொடங்கினால், ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். காயத்தை வெதுவெதுப்பான உப்பு நீரால் கழுவி, அது ஆறிச் சிவப்பு மறையும் வரை, மற்ற கோழிகளின் பார்வையில் படும்படி கம்பிவலைக்குப் பின்னால் வைத்திருங்கள். கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தால், திரும்பி வரும்போது அது மீண்டும் புதிய கோழியாகவே நடத்தப்படும்.

நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு பழக்கங்கள் என்று கருதுகிறேன். தலையிலும் கொண்டையிலும் கொத்தித் துரத்துவது, கூட்டத்தில் யாருக்கு யார் மேல் என்பதை நிலைநாட்டும் செயல். நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே இந்தக் கொத்தல் வரிசையை 1921-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். மேலிருக்கும் கோழி கழுத்து இறகுகளைச் சிலிர்த்து நிமிரும். கீழிருப்பது தலையைத் தாழ்த்தி விலகினால் அத்தோடு முடிந்தது. வாலடியில் இறகைப் பிடுங்குவதோ வரிசைச் சண்டையே அல்ல. அதைச் செய்யும் கோழி சத்தமில்லாமல் பின்னால் வந்து ஒவ்வோர் இறகாக இழுக்கும், சில நேரம் தின்னவும் செய்யும். கொத்துப்படும் கோழி பல நேரம் ஓடக்கூட ஓடாது. ஆகவே நீங்கள் விற்க நினைக்கும் கோழி இந்தக் காயத்துக்குக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு மாலையில் அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து கவனித்தால் எந்தக் கோழி என்பது தெரிந்துவிடும்.

இறகு பிடுங்குவதற்குப் பெரும்பாலும் இட நெருக்கடியும், கிளறுவதற்கு எதுவும் இல்லாத வெறுந்தரையும், புரதக் குறைவும் காரணமாகின்றன. கொட்டகைக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடியும், வெளியே 8 முதல் 10 சதுர அடியும் இருப்பது நல்லது. தரையில் கூளத்தைத் தடிமனாகப் பரப்பி, அதில் சிறிது தானியத்தைத் தூவுங்கள். கீரைக் கட்டு ஒன்றைத் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். முட்டைக்கோழிகளின் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் தேவை. வெறும் தானியத்தை மட்டும் போட்டால் அது கிடைக்காது, உப்பும் குறைந்துவிடும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளுக்கு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீவனத்தைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தையே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், தேவைப்படும் கோழி தானே எடுத்துக்கொள்ளும். இரவில் கைவிளக்கோடு சென்று, கோழிகள் அமரும் கழிகளின் அடிப்பகுதியிலும் இடுக்குகளிலும் இரவில் இரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

துரத்தும் கோழியைப் பொறுத்தவரை, தவறு அதனிடம் இருப்பதைவிட அறிமுகம் செய்த முறையில்தான் அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது. மீதமுள்ள இரண்டு விடைக்கோழிகளையும் வலைக்குப் பின்னால், புண்ணைக் கொத்த முடியாதபடி காயம்பட்டதற்கு அடுத்த தடுப்பில் மாற்றி, இருதரப்பும் ஒன்றையொன்று பார்த்துப் பழக இரண்டு வாரம் விடுங்கள். புண் ஆறிய பிறகு மூன்றையும் ஒன்றாகவே திறந்துவிடுங்கள். ஒவ்வொன்றாக விட்டால் எல்லாக் கொத்தும் ஒன்றின் மேலேயே விழும். இரவில் கழியில் ஏற்றிவிட்டால் போதும் என்பார்கள். அது சண்டையை விடியும் வரை தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அப்படிச் செய்தால் விடிந்ததும் நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் தீவனத்தையும் நீரையும் இரண்டிரண்டு இடங்களில் வையுங்கள். இரண்டு தொட்டிகளையும் அருகருகே வைத்தால் ஒரே கோழி இரண்டையும் காவல் காக்கும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதபடி நடுவே ஒரு பலகையோ வைக்கோல் கட்டோ இருக்கட்டும். அதுவே துரத்தப்படும் கோழிக்கு மறைவிடமும் ஆகும். கழியில் ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடமும், நான்கைந்து கோழிகளுக்கு ஒரு முட்டைப்பெட்டியும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அதே கோழி விரட்டி விரட்டிக் கொத்தினால், விடைக்கோழிகளை அல்லாமல் அதையே நான்கைந்து நாள்கள் கூட்டத்தின் கண்ணில் படாமல் பிரித்து வையுங்கள். திரும்பும்போது பெரும்பாலும் அதன் இடம் இறங்கியிருக்கும். அலகு நுனியில் நரம்புகள் இருப்பதால் அதை வெட்டுவது வலி தரும். காரணமும் அப்படியே நீடிக்கும். ஒன்பது கோழிகளுக்கு அது தேவையே இல்லை.

வரிசை அமைய ஓரிரு வாரங்களுக்கு மேலும் ஆகலாம். அதுவரை தினமும் அடையும் நேரத்தில் ஒவ்வொரு விடைக்கோழியின் கழுத்தடியிலுள்ள இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். நிறைந்து பருத்திருந்தால், அது எவ்வளவு துரத்தப்பட்டிருந்தாலும் தின்றிருக்கிறது என்று பொருள். தொடர்ந்து இரண்டு மாலைகள் தளர்ந்து சுருங்கியிருந்தால், அதை ஒரு துணைக்கோழியோடு மீண்டும் வலைக்குப் பின்னால் மாற்றிவிடுங்கள்.